தாவரச் சேர்மமும் லீஷ்மேனியா மருந்தும்: குடுவையில் கிடைத்த முடிவு எதுவரை சான்றாகும்?

கேள்வி: பொருநை

வணக்கம். தாவர வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒரு மூலிகையின் வேரிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய சேர்மம் ஒன்றை, ஒட்டுண்ணிகளை வளர்க்கும் வசதியுள்ள வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி லீஷ்மேனியா டோனோவானியின் ப்ரோமாஸ்டிகோட் வடிவத்தை 72 மணி நேரத்தில் பாதியாகக் குறைக்க 6 மைக்ரோமோலார் செறிவே போதுமானதாக இருந்தது என்று அங்கிருந்து முடிவு வந்திருக்கிறது. மனித உயிரணுக்களின் மீது இதுவரை எதையும் சோதிக்கவில்லை.

இந்த முடிவை மட்டும் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டு அடுத்த மூலிகைக்குச் செல்லலாம் என்பது உடன் பணிபுரிவோர் சிலரின் கருத்து. எனக்கு அதில் மனநிறைவு இல்லை. இதே அளவிலான முடிவுகளைச் சொல்லும் தாவரச் சாற்றுக் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நோயாளியின் கைக்கு மாத்திரையாகப் போய்ச் சேர்ந்ததாக நான் அறியவில்லை. இடையில் எங்கே நின்றுபோகின்றன என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தியாவில் காலா அசார் பெருமளவு குறைந்துவிட்டது, நல்ல மருந்துகளும் இருக்கின்றன என்று படிக்கிறேன். அப்படியானால் புதிய மருந்தைத் தேடுவதற்கு உண்மையான தேவை இருக்கிறதா? ஒட்டுண்ணியியல், மருத்துவம், மருந்தியல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: நுண்ணோக்கி

பொருநை அவர்களுக்கு வணக்கம். நான் ஒட்டுண்ணியியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, எந்த வடிவத்தின் மீது சோதித்தீர்கள் என்பதிலேயே இருக்கிறது.

ப்ரோமாஸ்டிகோட் என்பது நோயைப் பரப்பும் மணல் ஈயின் குடலில், ஏறத்தாழ 26 பாகை வெப்பத்தில், கசையிழையுடன் நீந்தித் திரியும் வடிவம். மனிதனை நோயாளியாக்குவது அமாஸ்டிகோட் என்ற மற்றொரு வடிவம். அது 37 பாகை வெப்பத்தில், நம்முடைய நோயெதிர்ப்பு உயிரணுவான மேக்ரோஃபேஜுக்குள், கிருமிகளைச் செரித்து அழிப்பதற்கென்றே இருக்கும் அமிலப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு பெருகுகிறது. அங்கே அமிலத்தன்மை பி.எச். 5 அளவில் இருக்கும். உங்கள் சேர்மம் முதலில் மேக்ரோஃபேஜின் சவ்வையும், பிறகு அந்தப் பையின் சவ்வையும், இறுதியாக ஒட்டுண்ணியின் சவ்வையும் கடக்க வேண்டும். கடந்தபின் அந்த அமிலச் சூழலிலும் சிதையாமல் வேலை செய்ய வேண்டும். குடுவையில் நீந்திக்கொண்டிருக்கும் ப்ரோமாஸ்டிகோட்டைக் கொல்லும்போது இவற்றில் கடைசிச் சவ்வு ஒன்றைத்தான் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள். இரண்டு வடிவங்களும் வெளிப்படுத்தும் புரதங்களிலும் ஆற்றல் பெறும் முறைகளிலும் வேறுபாடு இருப்பதால், ஒன்றுக்கு இன்றியமையாத நொதி மற்றொன்றுக்கு அவ்வளவு தேவைப்படாமலும் போகலாம்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். அறுபது எழுபது ஆண்டுகள் இந்நோய்க்கு முதன்மை மருந்தாக இருந்த சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட்டில் ஐந்திணைதிறன் ஆன்டிமனி உள்ளது. அது ப்ரோமாஸ்டிகோட்டுகளை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. உடலுக்குள் மூவிணைதிறன் ஆன்டிமனியாக ஒடுக்கப்பட்ட பிறகே அது நஞ்சாகிறது. ப்ரோமாஸ்டிகோட் சோதனையை மட்டும் வாயிற்காவலாக வைத்திருந்தால் அந்த மருந்தையே நாம் குப்பையில் போட்டிருப்போம். ஆகவே இந்தச் சோதனை தகாதவற்றை உள்ளே விடுவதோடு தகுந்தவற்றைத் தடுக்கவும் கூடியது என்பதை மறக்கலாகாது.

எனவே உங்கள் அடுத்த படி, மேக்ரோஃபேஜ்களுக்குள் அமாஸ்டிகோட்டுகளைப் பெருகச் செய்து அவற்றின் மீது சேர்மத்தைச் சோதிப்பதுதான். அதே சோதனையிலேயே மேக்ரோஃபேஜ்கள் உயிருடன் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடலாம். உயிரணுவுக்குள் இருக்கும் அமாஸ்டிகோட்டுகள் 10 மைக்ரோமோலாருக்குக் குறைந்த செறிவில் பாதியாக வேண்டும். மனித உயிரணுவைப் பாதிக்கும் செறிவு அதைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இத்துறையில் ஒரு சேர்மத்தைத் தொடக்கநிலைத் தேர்வாக ஏற்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல் இதுவே. விருந்தோம்பி உயிரணு செத்தால் உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியும் செத்துவிடும். அதை மருந்தின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

உங்கள் சேர்மத்தின் அமைப்பை நீங்கள் சொல்லவில்லை. அது குர்க்குமின், குவெர்செட்டின், குயினோன் போன்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இத்தகைய சேர்மங்கள் பல புரதங்களோடு கண்டபடி பிணைவதாலும், தாமே நிறமும் ஒளிர்வும் கொண்டிருப்பதாலும், ஊடகத்திலேயே ஆக்சிஜனேற்ற வினைகளைத் தூண்டுவதாலும், எந்தச் சோதனையில் வைத்தாலும் செயல்படுவதுபோல் தோற்றம் தருகின்றன. தாவரச் சாற்றுக் கட்டுரைகள் பாதியில் நின்றுபோவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

தொடக்கநிலைத் தேர்விலிருந்து மருந்து வரை எவ்வளவு தொலைவு என்பதற்கு ஓர் உண்மை எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 30 லட்சம் சேர்மங்களை ஒட்டுண்ணிகளின் மீது நேரடியாகச் சோதித்தார்கள். அதில் கிடைத்த ஒரு சேர்மத்தை அடிப்படையாகக் கொண்டு ஏறத்தாழ 3,000 மாற்று அமைப்புகளைத் தொகுத்துப் பார்த்த பிறகே ஜி.என்.எஃப்.6702 என்ற சேர்மம் உருவாயிற்று. 2016 இல் வெளியான அந்த ஆய்வில், காலா அசார், சாகஸ் நோய், ஆப்பிரிக்கத் தூக்க நோய் ஆகிய மூன்றுக்கும் காரணமான ஒட்டுண்ணிகளை எலிகளில் அது கட்டுப்படுத்தியது. எதைத் தாக்குகிறது என்பதை அவர்கள் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற ஒட்டுண்ணிகளை வேண்டுமென்றே வளர்த்து, அவற்றின் மரபணுக்களைப் படித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம் என்ற அமைப்பில் மாற்றம் நேர்ந்திருப்பதைக் கண்டபோதுதான் இலக்கு தெரிந்தது. மனிதர்களிடமும் புரோட்டியாசோம் உண்டு. இந்தச் சேர்மம் ஒட்டுண்ணியினுடையதை மட்டும் தடுப்பதே அதன் சிறப்பு. அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்.எக்ஸ்.இ.408 இப்போது நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டியிருக்கிறது.

மறுமொழி 2: வடக்கில் பணியாற்றிய மருத்துவர்

பொருநையின் இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். பிகாரில் காலா அசார் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் எனக்கு உண்டு.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1903 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவான், காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் கொண்ட நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் அமாஸ்டிகோட்டுகளைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்குப் பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். அதன் பின் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, போதிய வசதியில்லாத ஒரு சிறிய அறையில் உழைத்து, யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனிச் சேர்மத்தை 1920 வாக்கில் உருவாக்கினார். சிகிச்சை இல்லாவிட்டால் 95 விழுக்காட்டுக்கு மேல் உயிர் பறிக்கும் நோய் இது. அவர் மருந்தால் பிழைத்தவர்கள் கணக்கற்றோர்.

ஆனால் 1990களில் முசாஃபர்பூரும் அதைச் சுற்றியுள்ள வட பிகார் மாவட்டங்களும் கண்ட நிலை வேறு. கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் ஆன்டிமனி ஊசி போட்ட பிறகும், அங்கே பாதிக்கும் மேற்பட்டோர் குணமடையவில்லை. முறையற்ற அளவுகளில் பல ஆண்டுகள் மருந்து கொடுக்கப்பட்டது ஒரு காரணம். நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்சனிக்கை மக்கள் தொடர்ந்து குடித்ததால் ஒட்டுண்ணிகள் அதன் உறவினமான ஆன்டிமனியையும் தாங்கப் பழகின என்ற கருதுகோளும் முன்வைக்கப்பட்டுள்ளது. அந்த மருந்து இதயத்தையும் கணையத்தையும் பாதிக்கக்கூடியது. அவ்வளவு துன்பத்தையும் ஏற்றுக்கொண்டு ஒரு மாதம் ஊசி போட்டுக்கொண்ட கூலித் தொழிலாளி, காய்ச்சல் திரும்பி மறுபடி வந்து நிற்பதைப் பார்ப்பது எந்த மருத்துவருக்கும் பொறுக்க முடியாதது.

அடுத்து வந்தவற்றைப் பாருங்கள். ஆம்போடெரிசின் பி நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாளாக 15 முறை இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். நடுக்கம், காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் உண்டு. 2002 இல் இந்தியாவில் அனுமதி பெற்ற மில்டெஃபோசின் இந்நோய்க்கு வந்த முதல் வாய்வழி மருந்து. 28 நாள் உட்கொண்டவர்களில் 94 விழுக்காட்டினர் குணமடைந்தனர். கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடையை உறுதிசெய்யாமல் அதைக் கொடுக்க முடியாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்ததும், காய்ச்சல் விட்டதும், பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பத்தாண்டு கழித்து நோய் திரும்புவது இந்தியாவிலும் நேபாளத்திலும் கூடியிருப்பது தெரியவந்தது. 2006 இல் பரோமோமைசின் வந்தது. அது 21 நாள் ஊசி.

நிலைமையை மாற்றியது லிப்பிட் உறையில் பொதிந்த ஆம்போடெரிசின். கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒருமுறை. 2010 இல் வெளியான பிகார் ஆய்வில் 95 விழுக்காட்டுக்கு மேல் குணம் கிடைத்தது. 2007 இல் 44,000க்கு மேல் இருந்த இந்திய நோயாளிகளின் ஆண்டு எண்ணிக்கை 2023 இல் 600க்கும் கீழே வந்திருக்கிறது. விரைவாகக் கண்டறியும் ஆர்.கே.39 சோதனைப் பட்டையும், வீடுகளில் பூச்சிமருந்து தெளித்ததும், கிராமந்தோறும் அலைந்து நோயாளிகளைத் தேடிய ஆஷா பணியாளர்களும் இதில் பெரும் பங்குடையவர்கள்.

அப்படியிருந்தும் புதிய மருந்து தேவை என்றே சொல்வேன். இந்தச் சிகிச்சை முறை ஒரே மருந்தைச் சார்ந்திருக்கிறது. அம்மருந்தும் ஒரு நிறுவனம் உலகச் சுகாதார அமைப்பின் வழியாகக் கொடையாகக் கொடுப்பதால் கிடைக்கிறது. அதை 25 பாகைக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டும். பிகாரின் கோடையில் மின்சாரம் நிற்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது எளிதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே ஒற்றை டோஸ் போதிய பலன் தரவில்லை. சூடான், எத்தியோப்பியா போன்ற நாடுகளில் ஆன்டிமனியையும் பரோமோமைசினையும் சேர்த்து 17 நாள் ஊசி போடுவதே வழக்கமாகிவிட்டது. எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்தவர்களுக்கு நோய் மீண்டும் மீண்டும் வருகிறது.

இதற்கும் மேலாக என்னை உறுத்துவது, காலா அசார் குணமான பின் தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றும் நிலை. இவர்களுக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பலர் சிகிச்சைக்கே வருவதில்லை. ஆனால் இவர்களைக் கடிக்கும் மணல் ஈக்கள் ஒட்டுண்ணியைப் பெறுகின்றன என்பது நேரடிச் சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. இவர்களுக்கு இப்போது 12 வாரம் மில்டெஃபோசின் கொடுக்கிறோம். நீண்ட நாள் உட்கொள்ளும்போது கண் பாதிப்புகள் நேர்ந்ததாகவும் அறிக்கைகள் உள்ளன. உடம்பில் எந்தத் துன்பமும் இல்லாத ஒருவருக்கு, ஊருக்கு நோய் பரவாமல் தடுப்பதற்காகக் கொடுக்கும் மருந்து மிகமிகப் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இன்று நம் கையில் இல்லை.

பொருநை

இருவருக்கும் மிக்க நன்றி. என் சேர்மத்தில் கேட்டகால் தொகுதி (அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட பென்சீன் வளையம்) இருக்கிறது. எனவே நுண்ணோக்கி அவர்கள் எச்சரித்த வகைக்கு அருகில்தான் வருகிறது. ஒரு துணைக்கேள்வி: ஆம்போடெரிசின் பூஞ்சைக்கான மருந்து, மில்டெஃபோசின் புற்றுநோய்க்காக உருவானது, பரோமோமைசின் நுண்ணுயிர் எதிர்ப்பி. மூன்றுமே வேறு நோய்களிலிருந்து வந்திருக்கும்போது, புதிய சேர்மங்களைத் தேடுவதைவிட ஏற்கெனவே உள்ள மருந்துகளைச் சோதிப்பது அறிவுடைமை ஆகாதா? மேக்ரோஃபேஜ் சோதனையில் தேறினால் நேராக எலிக்குச் செல்லலாமா?

மறுமொழி 3: மருந்தியல் மேசை

பழைய மருந்துகளைத் தேடுவது நல்ல வழிதான். அந்த வழியை நாம் பிடித்துக்கொண்டதற்கு வறுமையும் ஒரு காரணம் என்பதை நினைவில் வையுங்கள். 1975 முதல் 1999 வரை உலகில் 1,393 புதிய மருந்துகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை 16 மட்டுமே. நோயாளிகளிடம் பணம் இல்லாத நோய்க்கு மருந்து தேட யாரும் முன்வராதபோது, பிறருக்காகச் செய்ததில் மிஞ்சியதைப் பயன்படுத்தினோம். இந்த இடைவெளியை நிரப்பவே 2003 இல் ஜெனீவாவில் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முன்னெடுப்பு தொடங்கப்பட்டது. அதன் சிறந்த வெற்றி, ஒரு நிறுவனம் கைவிட்டிருந்த ஃபெக்சினிடசோலைத் தேடி எடுத்துத் தூக்க நோய்க்கு மாத்திரையாக்கியது. அதற்கு முன் அந்நோயின் முற்றிய கட்டத்துக்குக் கொடுத்த மெலார்சோப்ரோல் என்ற ஆர்சனிக் மருந்து, சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரைக் கொன்றது. 2018 இல் ஐரோப்பிய மருந்து முகமை ஃபெக்சினிடசோலுக்குச் சாதகமான கருத்தளித்தது.

அதே ஃபெக்சினிடசோலைச் சூடானில் காலா அசாருக்குக் கொடுத்தபோது, முதலில் ஒட்டுண்ணிகள் குறைந்தன; பின்னர் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. சாகஸ் நோயில் பூஞ்சை மருந்தான போசகோனசோலுக்கு நேர்ந்ததும் இதுவே. குடுவையிலும் எலியிலும் நம்பிக்கை அளித்த அம்மருந்து, 2014 இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் பழைய பென்ஸ்நிடசோலிடம் தெளிவாகத் தோற்றது. பெருக்கத்தைத் தடுப்பது வேறு, கடைசி ஒட்டுண்ணி வரை கொல்வது வேறு. பெருகாமல் உறங்குநிலையில் ஒதுங்கிக் கிடக்கும் சில ஒட்டுண்ணிகள் மருந்து போன பிறகு எழுந்துவிடுகின்றன. ஆகவே 72 மணி நேரத்தில் பாதியாகிறது என்ற எண்ணோடு நிற்க வேண்டாம். சேர்மத்தைக் கழுவி அகற்றிவிட்டு, மேலும் பல நாள் வளர்த்து, ஒட்டுண்ணி மறுபடி தலைதூக்குகிறதா என்று பாருங்கள். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு சோதனை இருந்தாலே அது பலவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

நேராக எலிக்குச் செல்ல வேண்டாம். கேட்டகால் தொகுதியைக் கல்லீரல் மிக விரைவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். குடுவையில் 6 மைக்ரோமோலார் என்று காட்டும் சேர்மம் இரத்தத்தில் சில நிமிடங்கள்கூட அந்த அளவில் நிற்காமல் போகலாம். கல்லீரல் நொதிகளோடு வைத்து நிலைத்தன்மையையும், நீரில் கரைதிறனையும், புரதப் பிணைப்பையும் முதலில் அளந்தால், பயனற்ற சோதனைக்காக விலங்குகள் உயிரிழப்பதைத் தவிர்க்கலாம். இவற்றில் தேறினால், முதலில் மருந்து இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று எலியில் பாருங்கள். அதன் பிறகே நோயுற்ற விலங்கு. காலா அசாருக்கு வெள்ளெலியில் நோய் மனிதரிடம் போலவே முற்றிச் செல்லும். பால்ப்-சி என்ற ஆய்வக வகைச் சுண்டெலியில் கல்லீரல் தொற்று தானாகவே கட்டுக்குள் வந்துவிடுவதால், அதில் கிடைக்கும் நல்ல முடிவு நம்மை ஏமாற்றக்கூடும்.

வேதியியலாளர் என்ற முறையில் உங்களிடம் பெரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. சீன ஆய்வாளர் தூ யூயூ 1971 இல் ஆர்ட்டெமிசியாச் செடியிலிருந்து குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்ததால்தான் ஆர்ட்டெமிசினின் சிதையாமல் கிடைத்தது. அதைவிட முக்கியம், அந்த மூலக்கூறு அப்படியே நின்றுவிடவில்லை; ஆர்ட்டெசுனேட், ஆர்ட்டிமெதர் என்று மாற்றப்பட்ட வடிவங்களே இன்று உலகெங்கும் மலேரியா நோயாளிகளுக்குப் போகின்றன. உங்கள் சேர்மத்தையும் ஒரு தொடக்கமாகக் கருதுங்கள். கேட்டகாலை மூடியோ வேறு தொகுதியால் மாற்றியோ பத்துப் பதினைந்து வழிப்பொருள்களைச் செய்து பாருங்கள். எல்லா மாற்றங்களுக்கும் செயல்திறன் ஒரே மாதிரி இருந்தால் அது குறிதவறிய பிணைப்பு என்று ஐயுறலாம். ஒரு மாற்றத்தில் கூடி, இன்னொன்றில் முற்றிலும் மறைந்தால், உள்ளே ஒரு திட்டவட்டமான இலக்கு இருக்கிறது என்று நம்ப இடமுண்டு.

மறுமொழி 4: யாழ் தோல் வைத்தியர்

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே உள்நாட்டில் தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியா நோயாளி 1992 இல் பதிவானார். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை எனப் பல மாவட்டங்களில் இன்று நோய் இருக்கிறது. இராணுவத்தினரும் காட்டோரத்தில் வேலை செய்வோரும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் அதே லீஷ்மேனியா டோனோவானி இனம்தான் இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. எனவே எந்த நாட்டு நோயாளியிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணியில் சோதித்தீர்கள் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

நாங்கள் புண்ணுக்குள்ளேயே வாரந்தோறும் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி போடுகிறோம். சிலருக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கிறோம். முகத்தில் புண் உள்ள பிள்ளைக்கு ஊசி போடுவது பெற்றோருக்கும் எங்களுக்கும் கடினமான வேலை. உங்கள் சேர்மம் இரத்தத்தில் நிலைக்காவிட்டாலும், தோலுக்குள் இறங்கக்கூடியதாக இருந்தால், பூசும் மருந்தாக அதை ஆராயலாம். தோலின் மேலடுக்கைக் கடந்து, ஒட்டுண்ணி இருக்கும் கீழடுக்கை எட்டுகிறதா என்பதே அங்கே முதற் கேள்வி. தோல் புண்கள் சில மாதங்களில் தாமாகவே ஆறுவதும் உண்டு. ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பொருநை

எல்லோருக்கும் நன்றி. வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேக்ரோஃபேஜ் சோதனையையும் கழுவி வளர்க்கும் சோதனையையும் முதலில் செய்து தருமாறு அந்த ஆய்வகத்தைக் கேட்கப் போகிறேன். அவர்கள் கல்லீரல் நொதிச் சோதனைகளை முடிப்பதற்குள் கேட்டகாலை மாற்றிய வழிப்பொருள்களை இங்கே தொகுக்கத் தொடங்கிவிடலாம். சோதனைக்கு ஒட்டுண்ணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் நுண்ணோக்கி அவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 5: நுண்ணோக்கி

ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மறுவளர்ப்புச் செய்துவந்த ஒட்டுண்ணிகள் நோயுண்டாக்கும் திறனை இழந்திருக்கும். விலங்கின் வழியாகக் கடத்தி அண்மையில் மீட்டெடுத்த ஒட்டுண்ணிகளைக் கேளுங்கள். ஒரு பொதுத் தர வகையோடு, ஆன்டிமனிக்கு அடங்காத பிகார் நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்ததும், மில்டெஃபோசினுக்கு அடங்காததும் சேர்த்து மூன்றையாவது சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஆம்போடெரிசின் பி, மில்டெஃபோசின் இரண்டும் ஒப்பீட்டுக்கு இருக்கட்டும். அவற்றின் எண்கள் வழக்கமான அளவில் வராத நாளில் உங்கள் சேர்மத்தின் எண்ணையும் ஏற்க வேண்டாம். தொற்றிய மேக்ரோஃபேஜ்களின் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், 100 மேக்ரோஃபேஜ்களில் மொத்தம் எத்தனை அமாஸ்டிகோட்டுகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணுபவருக்கு எந்தக் கண்ணாடித் தகட்டில் எந்த மருந்து இருக்கிறது என்பது தெரியாமல் இருப்பது நல்லது.

வழிப்பொருள்கள் தயாரானதும் அமைப்புகளை இங்கே பகிருங்கள்; காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பித்த பிறகு பகிருங்கள்.